ஹெலிகாப்டர் ரோட்டர் அதிர்வும் கியர்பாக்ஸ் மவுண்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெலிகாப்டரில் ஒருமுறை பறந்தவர்களைக் கேட்டால் முதலில் சத்தத்தைச் சொல்வார்கள், அடுத்து நடுக்கத்தை. சத்தத்துக்குக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொள்ளலாம். நடுக்கத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, அதை வரும் வழியிலேயே மறித்தாக வேண்டும். மேலே சுழலும் ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் கியர்பாக்ஸுக்கும் உடற்பகுதிக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்யும் நெகிழ் மவுண்ட்கள் பற்றி மாணவர்களும் பராமரிப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

பிளேடுகள் சரியாகச் சமன் செய்யப்பட்டிருந்தாலும் ரோட்டர் அதிருமா?

அதிரும். எடை கிராம் கணக்கில் ஒத்துப்போனாலும் அதிரும்.

ஹெலிகாப்டர் முன்னோக்கிப் பறக்கும்போது ஒரு பக்கத்து பிளேடு காற்றை எதிர்த்துப் போகிறது, மறுபக்கத்து பிளேடு காற்றோடு சேர்ந்து பின்வாங்குகிறது. அதனால் ஒரே சுற்றுக்குள் ஒவ்வொரு பிளேடின் மீதும் காற்றின் வேகம் கூடிக் குறைகிறது. போதாததற்கு, முன்னால் போன பிளேடு விட்டுச்சென்ற சுழலில் பின்னால் வரும் பிளேடு போய் இடிக்கிறது. தரையிறங்க வேகத்தைக் குறைக்கும்போது ஒரு கட்டத்தில் இயந்திரமே உதறுவதுபோல் இருக்குமே, அதற்குப் பெரும்பாலும் இந்தச் சுழல்கள்தான் காரணம். இதெல்லாம் ரோட்டரின் பிறவிக் குணம். எந்த மெக்கானிக்கும் சமன் செய்து இதை எடுத்துவிட முடியாது.

1/ரெவ், 4/ரெவ் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை உதை விழுகிறது என்ற கணக்கு. பிளாக் ஹாக் ரோட்டர் நிமிடத்துக்கு 258 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 4.3 சுற்று. அதன் 1/ரெவ் 4.3 ஹெர்ட்ஸ். நான்கு பிளேடு என்பதால் 4/ரெவ் 17.2 ஹெர்ட்ஸ். இரண்டு பிளேடு பெல் 206இன் ரோட்டர் வேகம் 394. அதன் 1/ரெவ் 6.6 ஹெர்ட்ஸ், 2/ரெவ் 13.1 ஹெர்ட்ஸ். பழைய ஹ்யூயி 324இல் சுற்றும், அதன் 2/ரெவ் 10.8 ஹெர்ட்ஸ்தான்.

பிளேடு எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், ரோட்டர் மையமே ஒரு வடிகட்டி. ஒவ்வொரு பிளேடும் சுற்றுக்கு 1, 2, 3, 4, 5 என எல்லா மடங்கிலும் மையத்தை மேலும் கீழும் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் நான்கு பிளேடும் ஒரே மாதிரி இருந்து 90 பாகை இடைவெளியில் நின்றால், இந்த இழுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, 4இன் மடங்குகள் மட்டுமே உடற்பகுதிக்குக் கீழே இறங்கும். பக்கவாட்டு விசைகளில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. சுற்றும் பிளேடில் 3/ரெவ்வாகவும் 5/ரெவ்வாகவும் இருப்பது, நிற்கும் உடற்பகுதிக்கு வரும்போது 4/ரெவ்வாகத் தெரியும்.

ஆகவே நான்கு பிளேடு ஹெலிகாப்டரில் 1/ரெவ் பெரிதாகத் தெரிந்தால் பிளேடுகள் ஒன்றுபோல் இல்லை என்று பொருள். எடையோ, பிளேடு நுனி பறக்கும் உயரமோ, பிளேடின் முன்பின் ஆட்டத்தை அடக்கும் டாம்பரோ ஏதோ ஒன்றில் வித்தியாசம். 4/ரெவ் அப்படியல்ல, எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் வரும். மவுண்ட் செய்யப்படுவது இந்த இரண்டாவதற்காக. முதலாவதைச் சமன் செய்துதான் தீர்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதி கேள்விகளுக்கு உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

இருக்கைக்கு அடியில் மெத்தை போட்டால் போதாதா?

உட்கார்ந்திருப்பவருக்கு ஓரளவு உதவும். ஆனால் நடுங்குவது அவர் மட்டுமா? கருவிப் பலகை, மின்னணுப் பெட்டிகள், எரிபொருள் குழாய்கள், ரிவெட் போட்ட ஒவ்வொரு தகடும் நடுங்குகிறது. விமானியின் கண்ணுக்கு எண்கள் கலங்கித் தெரியும். உலோகம் நாளடைவில் சோர்ந்து விரிசல் விடும்.

அதோடு, மனித உடம்பு மேல்-கீழ் அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலானதைத்தான் மிக மோசமாக உணர்கிறது. தவறான மெத்தை அதே எல்லைக்குள் ஒத்ததிர்ந்து, ஆளை முன்பைவிட அதிகமாகக் குலுக்கிவிடும்.

கியர்பாக்ஸ் அடியில் மறிப்பதில் ஒரு வசதி உண்டு. ரோட்டரின் விசை எல்லாம் நான்கைந்து இணைப்புகள் வழியாகத்தான் உடற்பகுதிக்குள் நுழைகிறது. வாசல் குறுகலாக இருக்கும் இடத்தில் காவல் போடுவது சுலபம்.

அப்படியென்றால் கியர்பாக்ஸுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் வைத்தால் முடிந்ததே?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும்.

பாடப்புத்தக விதி எளிமையானது. மவுண்டின் இயல்பு அதிர்வெண், அதாவது ஒருமுறை தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை தடவை ஆடும் என்பது, வரும் அதிர்வைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். 17 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஐந்தில் ஒரு பங்குதான் கீழே போக வேண்டுமென்றால் இயல்பு அதிர்வெண் சுமார் 7 ஹெர்ட்ஸ் இருந்தால் போதும். தரையில் நிற்கும் ஒரு மோட்டாரை 7 ஹெர்ட்ஸ் ரப்பரில் வைத்தால் ரப்பர் 5 மில்லிமீட்டர் அமுங்கும். அவ்வளவுதானே என்று தோன்றும்.

ஆனால் ஹெலிகாப்டர் தரையில் வைத்த மோட்டார் அல்ல. பறக்கும்போது உடற்பகுதி முழுவதும் ரோட்டரிலிருந்து தொங்குகிறது. 5,000 கிலோ எடையுள்ள ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ரோட்டரும் கியர்பாக்ஸும் சேர்ந்து 15 சதவீதம், 750 கிலோ என்று வைப்போம். மவுண்டின் இயல்பு அதிர்வெண்ணைப் பெரிதும் தீர்மானிப்பது மேலே இருக்கும் இந்த இலேசான 750 கிலோ. மவுண்ட் தூக்க வேண்டியதோ கீழே தொங்கும் 4,250 கிலோ. இலேசானதை 7 ஹெர்ட்ஸில் ஆட்டும் அளவு இளகலான ஸ்பிரிங்கில் கனமானதைத் தொங்கவிட்டால் அது 5 மில்லிமீட்டரில் நிற்காது. கணக்கு 34 மில்லிமீட்டர் என்கிறது. எடை மும்மடங்காகத் தெரியும் 3 ஜி திருப்பம் ஒன்று போட்டால் 10 சென்டிமீட்டர்.

கியர்பாக்ஸ் 10 சென்டிமீட்டர் மேலே போனால் என்ன நடக்கும்? என்ஜினிலிருந்து அதற்கு வரும் தண்டு கோணிக்கொள்ளும். விமானியின் கைப்பிடியிலிருந்து ரோட்டருக்குப் போகும் கட்டுப்பாட்டுத் தண்டுகள், யாரும் தொடாமலே ரோட்டருக்குக் கட்டளை கொடுக்கும். வால் ரோட்டர் தண்டும் சும்மா இருக்காது. இந்த அசைவைத் தடுக்க இடையில் நிறுத்துக்கட்டை வைத்தால், திருப்பத்தில் கியர்பாக்ஸ் போய் அதில் முட்டிக்கொள்ளும். முட்டிய நொடியே மவுண்ட் மவுண்டாக இருப்பதை நிறுத்திவிடும், அதிர்வு முழுசாக உள்ளே வரும்.

இந்தத் துறையில் ஐம்பது அறுபது வருடமாக நடக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான். எடையைத் தாங்கக் கடினமாக இருக்க வேண்டும், அதிர்வுக்கு இளகலாக இருக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டுமாக இருந்தாக வேண்டும்.

இளகலான மவுண்ட் 1/ரெவ்வையும் குறைக்குமா?

குறைக்காது, பெரும்பாலும் கூட்டும். மேலே சொன்ன அதே இயந்திரத்தில் 1/ரெவ் 4.25 ஹெர்ட்ஸ். அது 7 ஹெர்ட்ஸ் மவுண்டின் இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே விழுகிறது. அந்தப் பக்கம் மவுண்ட் தடுப்பதில்லை, பெருக்குகிறது. கணக்குப்படி சுமார் 1.6 மடங்கு. இளகலான மவுண்ட் போட்ட ஹெலிகாப்டரில் பிளேடு சமன் செய்வதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எதிர் ஒத்ததிர்வு மவுண்ட் என்றால் என்ன?

முடிச்சை அவிழ்த்த யோசனை இதுதான். கடினமான ஸ்பிரிங்கையே வைத்துக்கொள், ஆனால் ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் அது இல்லாததுபோல் செய்.

ஒரு ஸ்பிரிங், அதன் பக்கத்தில் ஒரு நெம்புகோல். நெம்புகோலை உடற்பகுதியில் ஓர் ஊசியிலும், அதிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி கியர்பாக்ஸோடு இன்னோர் ஊசியிலும் மாட்டுகிறோம். கோல் அதே திசையில் 20 சென்டிமீட்டர் வரை நீள்கிறது, அதன் நுனியில் ஒரு எடைக்குண்டு. கியர்பாக்ஸ் 1 மில்லிமீட்டர் ஆடினால் குண்டு 10 மில்லிமீட்டர் ஆடும். ஸ்பிரிங் உடற்பகுதியை ஒரு பக்கம் தள்ளும்போது, வீசியாடும் குண்டின் நிலைமம் ஊசி வழியாக அதை மறுபக்கம் தள்ளும். அதிர்வெண் கூடக் கூடக் குண்டின் தள்ளு வலுக்கிறது. ஓர் அதிர்வெண்ணில் இரண்டும் சரிசமமாகி ஒன்றையொன்று தின்றுவிடும். அங்கே உடற்பகுதிக்கு ஒன்றுமே போய்ச் சேராது. அந்த இடத்தைக் கொண்டுபோய் 4/ரெவ்வில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

எண்ணில் பார்ப்போம். 1:10 நெம்புகோலில் 2 கிலோ குண்டு, 10 × 9 × 2 என்று 180 கிலோ போல நடந்துகொள்கிறது. 17 ஹெர்ட்ஸில் இதைச் சமன் செய்ய ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 2,050 நியூட்டன் கடினமுள்ள ஸ்பிரிங் தேவை. இப்படி நான்கு அலகுகளில் அதே 4,250 கிலோவைத் தொங்கவிட்டால் தொய்வு 5 மில்லிமீட்டர் மட்டுமே. 34 எங்கே, 5 எங்கே. அதற்குக் கொடுத்த விலை எட்டு கிலோ குண்டும் கொஞ்சம் இரும்பும்.

இந்த யோசனைக்கு 1960களில் காமன் நிறுவனத்தில் வில்லியம் ஃப்ளானெல்லி வடிவம் கொடுத்தார். டேவி என்ற சுருக்கப் பெயரில் இன்றும் பாடங்களில் வருவது அதுதான்.

அப்படியானால் கியர்பாக்ஸ் ஆடுவதே நின்றுவிடுமா?

இல்லை. நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். நிற்பது உடற்பகுதிதான். கியர்பாக்ஸ் ஆடிக்கொண்டேதான் இருக்கும், சில சமயம் முன்பைவிட அதிகமாகவே. அதில் மாட்டிய பம்புகள், குழாய்கள், தண்டு இணைப்புகள் எல்லாம் அதைத் தாங்கும்படி இருக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. குறிவைத்த அதிர்வெண்ணைத் தாண்டி மேலே போனால் நெம்புகோல் மவுண்ட் சாதாரண ரப்பர் அளவுக்குத் தடுக்காது. 8/ரெவ் கொஞ்சம் தாராளமாகவே உள்ளே வரும். நல்ல வேளையாக, அது பொதுவாக 4/ரெவ் அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை.

எந்த ஹெலிகாப்டரில் எந்த வகை இருக்கிறது?

முழுப் பட்டியல் போட இங்கே இடமில்லை. எனக்குச் சுவையாகத் தோன்றியவை மட்டும்.

பெல் நிறுவனம் வேறொரு வழியில் போனது. அதிரும் ஒரு நீளமான உத்தரத்தில் அசையாத புள்ளிகள் சில இருக்கும், அவை கணுக்கள். உடற்பகுதியை அந்தக் கணுக்களில் தொங்கவிட்டால் உத்தரம் என்ன ஆட்டம் ஆடினாலும் கீழே தெரியாது. 1970களில் நோடா-மேட்டிக் என்ற பெயரில் இது வந்தது. லாங்ரேஞ்சர் எனப்படும் 206எல் அதில் பறந்தது. பெரிய உத்தரம், நிறைய மூட்டுகள், ஆனால் இரண்டு பிளேடு இயந்திரத்தை நாகரிகமாகப் பறக்கவைத்தது. இரண்டு பிளேடின் குலுக்கலை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஜெர்மானிய பிஓ-105இல் எதிர் ஒத்ததிர்வு அலகுகளைப் பொருத்தி 1970களில் போயிங் வெர்ட்டால் சோதித்தது, அதன் பெயர் ஐரிஸ். பின்னால் ஏரிஸ் என்ற பெயரில் வந்த அதே வகை அலகுகள் இசி135இல் இருக்கின்றன. இந்தியாவின் துருவ் ஹெலிகாப்டரிலும் ஆறு திசை அசைவுகளையும் கணக்கில் எடுக்கும் ஏரிஸ்தான். துருவின் ரோட்டர், பிளேடுகளை மையத்தோடு இணைக்கும் இடத்தில் கீலில்லாத வகை. அப்படிப்பட்ட ரோட்டர், மேல்-கீழ் உதையோடு நிற்காமல் கியர்பாக்ஸைப் பிடித்து முறுக்கிச் சாய்க்கவும் பார்க்கும். ஒரே திசைக்கு மட்டும் மவுண்ட் போட்டால் அங்கே செல்லாது.

பிரெஞ்சுக்காரர்கள் பூமாவில் கியர்பாக்ஸுக்கு அடியில் நெகிழும் ஒரு தகட்டை வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'பார்பெக்யூ'. பெயர் வைத்தவருக்கு அன்று பசியோ என்னவோ.

சில மவுண்டுக்குள் திரவம் இருக்கிறதாமே, எதற்கு?

நெம்புகோலுக்குப் பதில்தான் திரவம். உருளையும் பிஸ்டனும் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கும், நடுவே ஒரு குறுகலான துளை. பிஸ்டன் கொஞ்சம் அசைந்தால் அகலமான அறையிலிருந்து பிதுங்கும் திரவம் குறுகிய துளையில் பல மடங்கு வேகத்தில் ஓடும். இரண்டின் பரப்பளவு விகிதம்தான் இங்கே நெம்புகோல் நீளம், ஓடும் திரவம்தான் எடைக்குண்டு. தேயும் ஊசி கிடையாது, தாங்கி கிடையாது, அலகும் கைக்கடக்கம். திரவம் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்பதால் தொடக்க வடிவங்களில் பாதரசத்தையே ஊற்றினார்கள். பெல் இதை 'லைவ்' என்று அழைக்கிறது. 427, 429 மாடல்களில் இருப்பது இந்த வகை.

அதிர்வுத் தணிப்பு என்றதும் காரின் ஷாக் அப்சார்பர் போல எண்ணெய் ஆற்றலை விழுங்குகிறது என்று நினைப்பார்கள். இங்கே அது தலைகீழ். திரவம் உரசலில்லாமல், துள்ளலாக ஓட வேண்டும். உரசல் கூடினால் ஸ்பிரிங்கும் நிலைமமும் சரியாக அடித்துக்கொள்ளாமல் மிச்சம் விழும், அந்த மிச்சம் கேபினுக்குத்தான் வரும்.

உலோக ஸ்பிரிங் இருக்கும்போது ரப்பர் எதற்கு?

சில வடிவங்களில் உலோகம்தான் இருக்கிறது. எடை தாங்கும் தகடோ உத்தரமோ உலோகமாக இருந்தால் வெப்பநிலைக்கு மாறாது, கணக்கும் துல்லியமாக வரும். ஆனால் ரப்பரும் மெல்லிய உலோகத் தகடுகளும் மாறி மாறி ஒட்டிய அடுக்கு மவுண்டுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. அழுத்தினால் பாறை, பக்கவாட்டில் இழுத்தால் பஞ்சு. அழுத்தும்போது ரப்பர் பக்கவாட்டில் பிதுங்க வேண்டும், ஒட்டியிருக்கும் தகடுகள் அதை விடுவதில்லை. எந்தத் திசையில் கடினம், எந்தத் திசையில் இளகல் என்று இப்படித் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் போட வேண்டாம், திடீரென்று உடையாது, சொல்லிக்கொண்டு மெதுவாகக் கெடும்.

குளிரில் ஹெலிகாப்டர் அதிகம் நடுங்குவது ஏன்?

எல்லா ஹெலிகாப்டரும் அப்படி நடுங்குவதில்லை. ரப்பர் மவுண்ட் இருப்பவற்றில் இது சகஜம். குளிர்ந்த ரப்பர் விறைக்கும். விறைத்தால் குறிவைத்த அதிர்வெண் மேலே நகர்ந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடி ரப்பர் தன் அசைவிலேயே சூடானால் பழையபடி வந்துவிடும். காலை முதல் பறப்பில் மட்டும் வரும் புகாரை இதை மனதில் வைத்துக் கேட்க வேண்டும்.

ரப்பருக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. சின்ன அசைவில் கடினமாகவும் பெரிய அசைவில் இளகலாகவும் இருக்கும். மேசையில் மெதுவாகப் பிசைந்து அளந்த எண் ஒன்று சொல்லும், 17 ஹெர்ட்ஸில் ஆட்டி அளந்தது வேறொன்று சொல்லும். நிலையாக அளந்த எண்ணை வைத்து அதிர்வுக் கணக்குப் போடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ரோட்டர் வேகம் மாறினால் மவுண்ட் தடுமாறாதா?

தடுமாறும். எதிர் ஒத்ததிர்வு பலிக்கும் அதிர்வெண் எல்லை குறுகலானது. வேகம் இரண்டு மூன்று சதவீதம் விலகினாலே பலன் கண்ணுக்குத் தெரியக் குறையும். நல்ல காலம், ஹெலிகாப்டர் ரோட்டர் பறக்கும்போது ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. இத்தனை குறுகலான தந்திரம் இங்கே செல்லுபடியாவதற்குக் காரணமே அதுதான்.

அதிர்வைத் தணிக்க ரோட்டர் தலையிலேயே மாட்டும் ஊசல்களுக்கு இந்தக் கவலை இல்லை. பிளாக் ஹாக் தலைமேல் நான்கு கைகளோடு ஒரு சிலுவை தெரியும், அதன் நுனிகளில் குண்டுகள். அந்த ஊசல்களை ஆட்டுவது புவியீர்ப்பு அல்ல, சுழற்சியின் மையவிலக்கு விசை. ரோட்டர் வேகம் கூடினால் ஊசலின் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் கூடும், தானாக ஒத்துப்போகும். அழகான தீர்வு. ஆனால் எடை தலைமேல் ஏறுகிறது, காற்றை எதிர்க்கிறது.

கணினி வைத்து அதிர்வை ரத்து செய்கிறார்களாமே, இனி மவுண்ட் தேவைப்படாதா?

1980களில் வெஸ்ட்லாண்ட் நிறுவனம் டபிள்யூ30 ஹெலிகாப்டரில் ஒன்றைச் செய்துகாட்டியது. கியர்பாக்ஸுக்கும் உடற்பகுதிக்கும் இடையிலான இணைப்புகளில் நீரியல் தள்ளிகள். கேபினெங்கும் அதிர்வு உணரிகள். கணினி இவற்றைப் படித்து, வரும் அதிர்வுக்கு எதிராகத் தள்ளிகளை ஆட்டும். பின்னால் அது ஈஎச்101இல் நிரந்தரமாக இடம்பெற்றது. பிளாக் ஹாக்கின் எம் மாடலில் வேறு பாணி: மவுண்டைத் தொடாமல், உடற்பகுதியிலேயே எதிர் அதிர்வைக் கிளப்பும் விசையூட்டிகள்.

வேகம், எடை, எரிபொருள் அளவு மாறினாலும் இவை தங்களைத் திருத்திக்கொள்ளும். அதுதான் பெரிய பலம். ஆனால் எடை, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் கேட்கும். என்னைக் கேட்டால், நல்ல மவுண்ட் முதலில், அது விட்டதைப் பிடிக்கக் கணினி என்ற வரிசைதான் சரி. மோசமான மவுண்டை மறைக்கக் கணினி வைத்தால், கணினி நிற்கும் நாளில் எல்லாம் தெரிந்துவிடும்.

மவுண்டை இளக்கினால் தரை ஒத்ததிர்வு வருமா?

வர வாய்ப்பு உண்டு, இதில் விளையாடக் கூடாது. தரையில் நிற்கும் ஹெலிகாப்டரின் ஆட்டமும், பிளேடுகள் முன்பின்னாக விலகிச் சேரும் ஆட்டமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டால் சில நொடிகளில் இயந்திரம் தன்னைத்தானே பிய்த்துப் போட்டுவிடும். கியர்பாக்ஸ் மவுண்டின் இளகல் இந்தத் தாளத்தை மாற்றும். அதனால்தான் மவுண்டை மாற்றி வடிவமைத்தால் கேபின் வசதியோடு இந்தக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். வேறு மாடலின் ரப்பர் அளவில் பொருந்துகிறதே என்று போடுவது எந்தக் காலத்திலும் கூடாது.

ரப்பர் அறுந்தால் ரோட்டர் கழன்றுவிடுமா?

அப்படி ஆகாதபடிதான் வடிவமைக்கிறார்கள். ரப்பர் முழுக்கப் போனாலும் உள் உலோகமும் வெளி உலோகமும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு கியர்பாக்ஸைப் பிடித்துக்கொள்ளும். பறப்பு கரடுமுரடாகும், தொடர்பு அறாது. விபத்திலும் கியர்பாக்ஸ் பயணிகள் மேல் வந்து விழக் கூடாது. கேபினுக்கு மேலும் பின்னும் இருக்கும் கனமான பொருட்கள் முன்னோக்கி 12 ஜி வரை தாங்க வேண்டும் என்று அமெரிக்க விதிகள் கேட்கின்றன. அதிர்வுக்கு மெத்தென்று இருக்கும் அதே பொருளிடம் இதையும் கேட்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மவுண்ட் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கு ரப்பர் தேயும்போது ஓரத்தில் பென்சில் அழிப்பான் துகள் போல கரிய துருவல் சேரும். கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பான தேய்மானம். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்து இடுக்கு தெரிவது, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருப்பது, தொட்டால் பிசுபிசுப்பது இவையெல்லாம் கெட்ட அறிகுறி. பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் மேலே எங்கோ கசியும் கியர்பாக்ஸ் எண்ணெய். எண்ணெய் குடித்த இயற்கை ரப்பர் ஊதிக்கொண்டு வலு இழக்கும். மவுண்டை மாற்றிவிட்டுக் கசிவை விட்டுவைத்தால் அடுத்த மவுண்டுக்கும் அதே கதிதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று தொய்வு. வருடக்கணக்கில் எடை தாங்கிய ரப்பர் கொஞ்சம் அமுங்கியே நின்றுவிடும். நிறுத்துக்கட்டைக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியைக் கையேடு சொல்லும். அளவுத்தகட்டை நுழைத்துப் பாருங்கள். திருப்பத்தில் மட்டும் வரும் அதிர்வு, நேராகப் பறந்தால் போய்விடுகிறது என்ற புகாருக்கு முதலில் இங்கே பார்க்கச் சொல்வேன். எந்த அளவு வரை பொறுக்கலாம், எப்போது மாற்றலாம் என்பதற்கு உங்கள் மாடலின் பராமரிப்புக் கையேடுதான் கடைசி வார்த்தை.

புது மவுண்ட் போட்டோம், அதிர்வு கூடிவிட்டது. மவுண்ட் மோசமா?

இதே புகாரோடு ஒருமுறை மூன்று நாள் அலைந்திருக்கிறேன். நான்கு மவுண்டும் புதிது, முறுக்குவிசை சரி, இடைவெளி சரி. விமானி மட்டும் இறங்கி வந்து தலையை ஆட்டினார். "முன்னாடியே தேவலை" என்றார். மவுண்ட் தொகுதியே பழுது என்று திருப்பி அனுப்பும் கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

அப்புறம்தான் ஒருவர் அவரிடம் ஒழுங்காகக் கேட்டார்: மெதுவான ஆட்டமா, வேகமான நடுக்கமா? இருக்கையில் உட்கார்ந்தபடி கையால் தட்டிக் காட்டச் சொன்னோம். நொடிக்கு நான்கைந்து தட்டு. அது 1/ரெவ். கருவியை மாட்டிப் பார்த்தால் 4/ரெவ் உண்மையிலேயே குறைந்திருந்தது, மவுண்ட் தன் வேலையைச் செய்திருந்தது. பழைய மவுண்ட்கள் விறைத்துப்போயிருந்த காலத்தில் செய்த சமன்தான் அப்படியே இருந்தது. புது மவுண்ட் இளகல் என்பதால் அந்த மிச்சச் சமனின்மை இப்போது பெரிதாகத் தெரிந்தது. வேகமான நடுக்கம் அடங்கியதும் அதன் கீழே ஒளிந்திருந்த மெதுவான ஆட்டம் வெளியே வந்தது என்பதும் ஒரு காரணம்.

பிளேடுகள் ஒரே உயரத்தில் பறக்கின்றனவா என்று அவற்றின் தடத்தைப் பார்த்து, சமனைத் திரும்பச் செய்தோம். முதல் தடவை எடை வைத்தபோது, எங்கே எடை வைப்பது என்று சொல்லும் பழைய சமன் வரைபடம் காட்டிய திசையில் வைத்தோம், சரியாக விழவில்லை. மவுண்டின் கடினம் மாறினால் ரோட்டர் பதில் சொல்லும் கோணமும் மாறும், ஆகவே பழைய வரைபடமும் கொஞ்சம் பொய் சொல்லும். ஒரு சோதனை எடை வைத்து, அது எங்கே நகர்த்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து புதுக் கணக்குப் போட்டோம். இரண்டாவது பறப்பில் அதிர்வின் அளவு 0.2 ஐபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அங்குலம் என்ற அதிர்வு வேக அளவு) கீழே வந்தது. விமானி இந்த முறை தலையை ஆட்டவில்லை, நேராக டீ குடிக்கப் போய்விட்டார்.